குழலின் கோணலும் குறியின் பிழையும்

நம் பௌதிகப் பாடத்தில் ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்று படிக்கிறோம். ஹூக் என்பவர் 1678-இல் வெளியிட்ட மீள்சக்தி விதியையும் படிக்கிறோம். இவ்விரண்டும் ஒரே பட்டறையில், ஒரே தொழிலாளியின் கையில் சேர்ந்து பயன்பட்டதை இக்கட்டுரையில் காண்போம். அந்தப் பட்டறை பழங்காலத் துப்பாக்கிக் குழல் செய்யும் பட்டறையாகும்.

அக்காலத் துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் குழலின் வாய் வழியாகவே இடப்பட்டன. நீண்ட கோலால் அவற்றை உள்ளே இடித்துக் கெட்டிப்பார்கள். குழலின் அடிப்பக்கம் ஒரு திருகாணியால் மூடப்பட்டிருக்கும். பட்டையான இரும்புத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியின்மேல் சுற்றி, சம்மட்டியால் அடித்து ஒட்டவைத்தே குழலைச் செய்தனர். பிறகு உட்புறத்தைக் கடைந்து, வெளிப்புறத்தைச் சாணை பிடித்தனர். காய்ச்சும்போதும், கடையும்போதும், சாணை பிடிக்கும்போதும் குழல் சற்றே கோணிவிடும். ஆகவே ஒரே குழலைப் பலமுறை நிமிர்த்த வேண்டியிருந்தது.

ஒரு மீட்டர் நீளமுள்ள குழலின் உள்ளே இருக்கும் மயிரிழைக் கோணலை எப்படிக் காண்பது? அளவுகோல் உள்ளே நுழையாது. இதற்கு இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி கம்பி முறை. வில்லின் நாண்போல இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பியைக் குழலினுள் செலுத்தி, உட்சுவரின்மேல் படியவைப்பார்கள். குழல் நேராக இருந்தால் கம்பி நெடுகிலும் சுவரைத் தொடும். எங்கே பள்ளமோ அங்கே இடைவெளி தெரியும். குழலைச் சிறிது சிறிதாகச் சுழற்றி எல்லாப் பக்கங்களையும் இவ்வாறே சோதிப்பார்கள்.

இரண்டாம் வழி நிழல் முறை. அடித்திருகாணியைக் கழற்றிவிட்டு, குழலைச் சன்னலை நோக்கிப் பிடித்து, அதன் வழியே தொழிலாளி பார்ப்பார். பளபளப்பாகக் கடைந்த உட்சுவர் கண்ணாடிபோல் வேலை செய்யும். சன்னல் சட்டத்தின் விளிம்பு அதில் ஒரு நிழற்கோடாகத் தெரியும். அந்தக் கோடு முனையிலிருந்து முனைவரை நேராக ஓடினால் குழல் நேரானது. எங்கேனும் கோடு ஒடிந்தோ நெளிந்தோ தெரிந்தால் அங்கேதான் கோணல். எதிரொளிப்பில் சிறு கோணமாற்றமும் இருமடங்காகத் தோன்றும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? அதனால்தான் வெளியே கைக்கும் கண்ணுக்கும் தட்டுப்படாத கோணல் இங்கே தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

கோணலைக் கண்டபின், குழலைப் பட்டறைக் கல்லின்மேல் வைத்து உரிய இடத்தில் மெல்ல அடிப்பார்கள். பிற்காலத்தில் திருகு அழுத்தி வந்தது. குழல் இரண்டு தாங்கிகளின்மேல் இருக்க, நடுவில் ஒரு திருகு அதை அழுத்தும். சிறிது அழுத்தினால் இரும்பு வளையும். விட்டவுடன் பழைய நிலைக்கே திரும்பிவிடும். மீள்சக்தி எல்லையைக் கடந்தால்தான் வளைவு நிலைக்கும். அப்போதும் இரும்பு ஓரளவு பின்வாங்கும். ஆகையால் வேண்டிய அளவைவிடச் சற்றே கூடுதலாக அழுத்த வேண்டும். மிகுதியாக அழுத்தினாலோ கோணல் மறுபக்கம் போய்விடும். எனவே ஒருமுறை அழுத்துவதும், உடனே ஒளியில் பார்ப்பதுமாக வேலை நடந்தது.

நேரான குழலும் சில வேளை குறி தவறும். குறிபார்க்கும் முளை சற்று ஒதுங்கியிருந்தால் குண்டு ஒருபக்கமாகவே விழும். முளையை நகர்த்த முடியாதபடி பற்றவைத்திருந்தால், குழலையே வேண்டுமென்று சிறிது வளைப்பார்கள். குண்டு இடப்புறம் விழுந்தால் குழலின் வாயை வலப்புறம் வளைக்க வேண்டும்.

எவ்வளவு வளைப்பது? ஒரு கணக்கைப் பார்ப்போம். குழலின் நீளம் 1 மீட்டர். குறிபார்க்கும் முளைகள் அதன் இரு முனைகளிலும் உள்ளன. 50 மீட்டர் தொலைவில் குண்டு 10 செ.மீ. இடப்புறம் விலகுகிறது. அதாவது 1 மீட்டருக்கு 2 மி.மீ. பிழை. குழலை நடுவில் வளைத்தால் முன்பாதி 50 செ.மீ. ஆகையால் வாய் 1 மி.மீ. நகர்ந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் முன்முளையும் வாயோடு சேர்ந்து நகர்கிறது. அதனால் பார்வைக்கோடும் அதே பக்கம் பாதியளவு திரும்பிவிடுகிறது. திருத்தத்தில் பாதி வீணாகிறது. எனவே 2 மி.மீ. வளைக்க வேண்டும். மாணவியர் இதைத் தாளில் வரைந்து சரிபார்க்கலாம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் படைக்கலச் சாலை 1794 முதல் 1968 வரை இயங்கியது. இத்தொழில் அங்கே சிறந்து விளங்கியது. கவிஞர் லாங்ஃபெல்லோ 1843-இல் தம் புது மனைவியுடன் அதைப் பார்க்கச் சென்றார். வரிசையாக நிறுத்தியிருந்த துப்பாக்கிக் குழல்கள் அந்த அம்மையாருக்கு ஆலயத்து ஆர்கன் குழல்களாகத் தோன்றின. சமாதானத்துக்காக ஒரு கவிதை எழுதும்படி அவர் கணவரைத் தூண்டினார், கவிஞரும் எழுதினார். குழல் எவ்வளவு நேராக இருந்தாலும், அது எதை நோக்கி நீட்டப்படுகிறது என்ற கேள்வியை அந்தப் பெண்மணியின் உள்ளம் கேட்டது. கல்வி கற்கும் நாமும் அக்கேள்வியை மறத்தலாகாது.

இத்தொழிலில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. நிமிர்த்துகிறவர் எடுத்தவுடன் சம்மட்டியை ஓங்குவதில்லை. முதலில் ஒளியில் பார்க்கிறார். கோணல் உள்ள இடத்தை மட்டும் தொடுகிறார். மீண்டும் ஒளியில் பார்க்கிறார். இரவு செபத்தில் நாம் செய்யும் ஆன்ம சோதனையும் இப்படித்தான். பிள்ளைகளைத் திருத்தும் பெற்றோருக்கும், ஆசிரியைகளாகிய எங்களுக்கும் இது பொருந்தும். கோணல் எங்கே என்று காணாமல் அடித்தால், நேராக இருந்த இடமும் கோணிப்போகும்.