சீமைக் கருவேல வைரமும் வளைவு ரம்பமும்

திண்டுக்கல் சமவெளியின் தரிசு நிலங்களிலும், குளத்து உள்வாய்களிலும், வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காடுகளின் ஓரங்களிலும் அடர்ந்து நிற்கும் முள்மரம் எதுவென்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலிகாத்தான் என்றும், வேலிக்கருவை என்றும், சீமைக் கருவேலம் என்றும் வழங்கும் இம்மரம் நம் நாட்டுக்கு உரியதன்று. சென்னை மாகாணத்து வன அதிகாரியாக இருந்த பெட்டோம் என்பவர் 1876-இல் அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டதன் பேரில், ஜமெய்க்காத் தீவிலிருந்து வித்து தருவிக்கப்பட்டு, கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க வந்த மரம், பின்னர் விளைநிலத்தையும் நீர்நிலையையும் விழுங்கத் தொடங்கியதை நாம் அனைவரும் கண்ணாரக் கண்டிருக்கிறோம். இதனை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் கடுமையாக வலியுறுத்தியது. அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையையும் வகுத்தது.

வெட்டப்படும் மரம் எங்கே போகிறது? பெரும்பகுதி விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் போகிறது. கிளையும் குச்சியும் அவ்வாறு போவதில் பிழையில்லை. அவற்றுக்கு வேறு பயன் அரிது. ஆனால், இருபது முப்பது ஆண்டுகள் நின்று, அடிமரம் ஒரு சாண் அளவுக்கு மேல் பருத்த மரங்களும் அதே மூட்டத்தில் வெந்து கரியாவதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அவற்றின் நடுவே இருப்பது செம்பழுப்பு நிறமுள்ள உயர்ந்த வைரம்.

இம்மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்களை அமெரிக்க நாட்டு டெக்ஸஸ் மாநிலத்தில் மேசை நாற்காலிகளுக்கும் தரைப் பலகைக்கும் விரும்பிப் பயன்படுத்துகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குள்ள சான் அன்டோனியோ நகரத்தின் வீதிகளில் இம்மரக் கட்டைகளைக் கல்லைப் போலப் பாவியிருந்தனர் என்றால் அதன் உறுதியை நாம் ஊகித்துக் கொள்ளலாம். தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ளது. சீமைக் கருவேல வைரமோ 800 கிலோவுக்கும் மேல் நிற்கும். உலரும்போது சுருங்குவது தேக்கினும் குறைவு. இது பலருக்கு வியப்பாக இருக்கும், ஆயினும் உண்மை.

அப்படியானால் நம் தச்சர்கள் இதனை ஏன் தொடுவதில்லை? காரணம் எளிது. நாட்டுக் கருவேலத்தில் வண்டிச் சக்கரத்தின் குடமும் வட்டையும் செய்த கைகளுக்குக் கடினம் ஒரு பொருட்டன்று. சீமைக் கருவேலத்தின் குறை அதன் கோணலும் குட்டையுமே. மூன்றடி நேராக ஓடும் அடிமரம் கிடைப்பது அரிது. கதவு நிலைக்கு ஆகாத மரத்தை மரமில்லார் மில்லுக்குள் விடுவதில்லை.

இங்கேதான் வளைவு ரம்பம் உதவிக்கு வருகிறது. கடைகளில் 'ஸ்க்ரோல் சா' என்னும் பெயரால் விற்கும் இந்த மேசைக் கருவியில், 5 அங்குல நீளமும் வைக்கோல் தாள் போன்ற மென்மையும் உள்ள ரம்ப அலகு ஒன்று மேலும் கீழுமாக நிமிடத்துக்கு 400 முதல் 1,600 முறை வரை ஓடும். பலகையைக் கையால் திருப்பித் திருப்பி எவ்வளவு நுண்ணிய வளைவையும் அறுக்கலாம். வீட்டு மின்விளக்கு இணைப்பே இதற்குப் போதும். உள்ளங்கை அகலப் பலகை இதற்குப் பெரும் பலகையாகும். ஆதலின் மில்காரர் கழிக்கும் குட்டைத் துண்டே இங்கு முதல்தரச் சரக்கு.

முதற்கண் மரத்தைப் பக்குவம் செய்தல் வேண்டும். வெட்டிய ஒரு வாரத்துக்குள் பச்சையாகவே அரை அங்குலக் கனப் பலகைகளாக அறுத்துவிடுதல் நலம். காய்ந்த பின் அறுப்பது வாளுக்கும் ஆளுக்கும் வதை. அறுத்த பலகையின் இரு நுனிகளிலும் உருக்கிய மெழுகோ பழைய வண்ணமோ பூசாவிடில் ஈரம் நுனி வழியே விரைந்து வெளியேறி வெடிப்பு உண்டாகும். பலகைகளுக்கு இடையே குச்சிகள் கொடுத்து, காற்றோடும் நிழலில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றுக. வெயிலில் கிடத்துதல் ஆகாது. காய்ந்துவிட்டதா என்று அறிய உயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை: மளிகைக் கடைத் தராசில் ஒரே பலகையை வாரந்தோறும் நிறுத்துக் குறித்து வருக. எடை குறைவது நின்றால் பலகை வேலைக்கு ஆயிற்று. பின்னர் இழைத்து 6 முதல் 8 மில்லி மீட்டர் கனத்துக்குக் கொணர்க. வெளிப்புறத்து மஞ்சள் வெள்ளையை ஈவிரக்கமின்றி நீக்கிவிடுதல் வேண்டும். பொடி உதிர்க்கும் வண்டு தங்குமிடம் அதுவே.

அறுக்கும் கலைக்கு வருவோம். தேக்கில் பழகியவர் இம்மரத்தில் முதல் நாள் மூன்று தொல்லைகளைச் சந்திப்பார்: அறுத்த விளிம்பு கருகும், அலகு ஒரு புறமாக இழுத்துச் செல்லும், அலகு அறுந்து போகும். மூன்றுக்கும் வேர் ஒன்றே. அடர்ந்த மரத்தில் தூள் எளிதில் வெளியேறாது, தூள் தங்கினால் உராய்வு மிகும், உராய்ந்தால் சூடேறும், சூடேறிய அலகு மழுங்கும், மழுங்கிய அலகை நாம் வலிந்து தள்ளுவோம்.

ஆகவே வேகத்தைப் பாதியாகக் குறைத்தல் முதல் வேலை. வேகம் கூடினால் வேலை விரையும் என்பது மென்மரத்துக்கே பொருந்தும். பற்களிடையே இடைவெளி விட்ட அலகையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். அலகுகளுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட அலகு தடிக்கும். 6 மில்லி மீட்டர் வைரத்துக்கு 5-ஆம் எண்ணும், முக்கால் அங்குலத்துக்கு 7 அல்லது 9-ஆம் எண்ணும் ஏற்கும். 2-ஆம் எண் அலகைக் கொண்டு இதில் நுணுக்கம் காட்ட முயல்வது அலகு விற்பவருக்கே நன்மை தரும். அலகை நன்கு இழுத்துக் கட்டி விரலால் மீட்டினால் தெளிந்த ஓசை எழவேண்டும். மந்தமாக ஒலித்தால் இன்னும் தளர்வு உண்டு.

மற்றோர் எளிய உபாயம், பெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் நாடா. பலகையின் மேல் அந்த நாடாவை ஒட்டி, அதன்மேல் படத்தாளை ஒட்டி அறுத்தால் கருகல் பெரிதும் குறைகிறது. நாடாவின் வழவழப்பு அலகில் படிந்து உராய்வைத் தணிப்பதே காரணம் என்பர். அலகைச் செலவுப் பொருளாக எண்ணுதல் வேண்டும். தள்ளும் கை கனக்கிறது என்று உணர்ந்த கணமே மாற்றுக; இன்னும் ஒரு வளைவுக்கு வருமென்று நீட்டுவோர், அறுந்த அலகோடு பழுதான பலகையையும் ஏற்க நேரும். மூக்குக் கவசமின்றி இவ்வேலையில் அமர்தல் கூடாது. வைரத்தின் தூள் மாவினும் நுண்ணியது.

எதைச் செய்வது? நம் பெண்மக்கள் வாசலில் நாள்தோறும் இடும் கோலத்தைவிடப் பொருத்தமான உருவம் நமக்குத் தோன்றவில்லை. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிக்குக் கோலத்தின் கோட்டை அறுத்து நீக்கினால், கோடு சூழ்ந்த புள்ளிப் பகுதிகள் அனைத்தும் உதிர்ந்துவிடும். எனவே கோட்டை மரமாக நிறுத்தி, இடைவெளிகளை அறுத்து நீக்குதல் வேண்டும். ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு துளையிட்டு, அதனுள் அலகைக் கோத்துப் பூட்டி, அறுத்த பின் கழற்றி அடுத்ததற்குப் போகவேண்டும். இருபது இடைவெளி இருந்தால் இருபது முறை. கோட்டின் அகலம் 4 மில்லி மீட்டருக்குக் குறைதல் ஆகாது. நார் ஓட்டத்துக்குக் குறுக்கே மெலிந்து செல்லும் இடம் எவ்வளவு வைரமானாலும் முறியும். பொறுமையை வேண்டும் இப்பணி திண்டுக்கல்லுக்குப் புதிதன்று. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பூட்டுகளை அரத்தால் இராவி இராவிச் செய்த கைகள் இவ்வூரில் உண்டு. அத்தொழிலில் வேலை குறைந்த குடும்பத்து இளைஞர்கள் இக்கருவியை விரைவில் பற்றிக்கொள்வர் என்பது நம் நம்பிக்கை.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். சிறிது விலை கிடைக்கிறதென்று இம்மரத்தை வளர்க்கவோ, வெட்டிய அடியிலிருந்து துளிர்க்க விடவோ கூடாது. வேரோடு அகழ்ந்த நிலத்துக் கட்டையே நமக்குரியது. குளத்துப் புறம்போக்கில் நிற்பதை ஊராட்சியின் அல்லது உரிய துறையின் அனுமதியின்றித் தொடுதல் குற்றமாகும். நம் கைப்பணி ஒரு கிராமத்து மரத்தில் சிறு பங்கையே உண்ணும். மரத்தை ஒழிக்கும் வேலையை இது செய்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டா. சில வீடுகளுக்கு வருவாய் தரும், அவ்வளவே.

அறுத்த பொருளை முதலில் முரட்டு உப்புத்தாளாலும் பின்னர் நுண்ணிய உப்புத்தாளாலும் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி ஒரு நாள் விட்டு மீண்டும் பூசினால் நிறம் எழும். வெளிச்சம் பட நாளடைவில் இன்னும் கருஞ்சிவப்பாகும். அந்நிறத்தைக் கண்டு இதனை ஈட்டி மரம் என்று கூறி விற்கும் ஆசை வியாபாரிகளுக்கு எழக்கூடும். பொருளின் அடிப்புறத்தில் 'சீமைக் கருவேலம்' என்று செய்பவரே பொறித்துவிடுதல் நலம். காய்ச்சிய கம்பி முனை ஒன்று இதற்குப் போதும்.