கழிப்பறைக் குழாய்க் கசிவு: வீண்விரயத்தைத் தடுப்போம்



சுபுஹுக்கு எழுந்து குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. இரவு நிரப்பிய 1,000 லிட்டர் தொட்டி காலி. காரணம், கழிப்பறை ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் முழ நீள கனெக்ஷன் பைப் வெடித்ததுதான். நம் ஏழாயிரம்பண்ணை வானம் பார்த்த பூமி. இங்கே ஒரு தொட்டித் தண்ணீர் சாக்கடையில் போவது சின்ன நஷ்டமல்ல.

வெடிக்கும் முன் அந்தப் பைப் பெரும்பாலும் கசியத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் சொட்டினால் நாளைக்கு 24 லிட்டர். மாதத்துக்கு 720 லிட்டர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவுத் தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்பதை நினைத்துப் பார்ப்போம்.

எதனால் கெடுகிறது?

நாளாக ஆக பிளாஸ்டிக் நட்டு விரிசல் விடும், வாஷர் இறுகிப்போகும். ஸ்டீல் பின்னல் பைப்புக்கு உள்ளே இருப்பதும் ரப்பர்தான். கழிப்பறை கழுவும் ஆசிட் பட்டால் பின்னல் அரித்துவிடும். துரு, வீக்கம், நட்டில் ஈரம் தெரிந்தால் உடனே மாற்றுவோம். (ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. விஷவாயு வரும்.)

மாற்றும் முறை

1. பழைய பைப்பின் நீளத்தை அளந்துகொள்வோம். பெரும்பாலும் 18 அல்லது 24 அங்குலம், அரை அங்குல நட்டு. கழற்றிய பைப்பையே கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது.

2. சுவரில் உள்ள ஆங்கிள் காக்கை வலப்பக்கம் திருகி மூடுவோம். இறுகியிருந்தால் முரட்டுத்தனமாகத் திருக வேண்டாம். மொட்டைமாடித் தொட்டியின் வால்வை மூடலாம்.

3. ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலியாக்கி, கீழே வாளி வைப்போம்.

4. ஒரு ஸ்பேனரால் ஆங்கிள் காக்கை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் நட்டைக் கழற்றுவோம். பிடிக்காமல் திருகினால் சுவருக்குள் உள்ள பைப் உடையலாம்; செலவு பல மடங்காகும்.

5. புதிய பைப்பின் இரு முனையிலும் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, முறுக்கு விழாமல் மாட்டுவோம். கையால் இறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்று போதும். டேங்க் பக்கம் மரை பிளாஸ்டிக்; அதிகம் இறுக்கினால் உடைந்துவிடும். தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான். அங்கே டெஃப்லான் டேப் தேவையில்லை.

6. தண்ணீரை மெல்லத் திறந்து, நட்டைத் துடைத்துவிட்டு, காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்ப்போம். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பார்ப்போம்.

ஆங்கிள் காக்கே சுவரோரம் கசிந்தால் பிளம்பரை அழைப்பதே நல்லது.

கடைசியாக ஒன்று. பெரியவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பைப் வெடித்தால், வீட்டில் இருப்பவர்களுக்கு எந்த வால்வை மூடுவதென்று தெரியுமா? இன்றே பிள்ளைகளை அழைத்துச் சென்று வால்வைக் காட்டி, அவர்கள் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்கச் சொல்வோம். தண்ணீர் அல்லாஹ் தந்த அமானிதம். அதைக் காக்க அவன் நமக்குத் துணை புரிவானாக, ஆமீன்.