பால்கனிக்கு ஸ்லைடிங் கதவா? கீழே பாருங்கள்

ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவே ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு போடுகிறவர்கள், கண்ணாடி என்ன நிறம், பிரேம் வெள்ளையா மர நிறமா என்றுதான் அதிகம் பேசுகிறார்கள். ஐப்பசி மழையில் ஹாலுக்குள் தண்ணீர் வருவதும், கதவைத் தள்ளினால் தோள் வலிப்பதும் பெரும்பாலும் கீழ் டிராக்கில் தொடங்கும் கோளாறுகள். வேலையை ஆளிடம் விட்டாலும், பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவை இவை.

1. ஆறடி வாசலில் இரண்டு கதவு போட்டால், திறக்கும் வழி மூன்றடிகூட இராது. ஒன்றின் பின் ஒன்று ஒதுங்குவதால் பாதி வாசல் எப்போதும் அடைபட்டே இருக்கும். வாஷிங் மெஷின் பால்கனிக்குப் போக வேண்டுமானால் அதன் அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். மூன்று டிராக்கில் மூன்று கதவு போட்டால் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். கொசுவலைக் கதவுக்குத் தனி டிராக் தேவை. ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சேர்ப்பது சிரமம்.

2. இருக்கும் ஜன்னலைக் கதவாக மாற்றுகிறீர்களா? அதே அகலத்தில் கீழ்ச்சுவரை மட்டும் எடுப்பது பெரும்பாலும் எளிய வேலை. அகலத்தைக் கூட்டுவதென்றால் லிண்டலையே மாற்ற வேண்டும். இன்ஜினீயர் பார்க்காமல் கொத்தனாரைச் சுத்தியல் எடுக்க விடாதீர்கள்.

3. சுவர்ப் பூச்சும் தரை டைல்ஸும் முடிந்த பிறகே அளவெடுக்க வேண்டும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளக்கவும், உயரத்தையும் அப்படியே. மூன்றில் சிறியதுதான் கணக்கு. அதிலும் பக்கத்துக்கு 5 மி.மீ. அளவுக்கு இடைவெளி விட்டு பிரேம் செய்யச் சொல்லுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், வாசல் கோணலாக இருக்கிறது. அதைப் பூச்சில் சரிசெய்துகொள்ளலாம், கண்ணாடியில் முடியாது.

4. கண்ணாடி கட்டாயம் டஃபன்ட் வகையாக இருக்கட்டும். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டெனக் குளிர்விப்பதால், சாதாரணக் கண்ணாடியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பலம் அதற்கு உண்டு. உடைந்தாலும் கத்திபோல் நீளாமல் கற்கண்டுத் துண்டுகளாக உதிரும். ஆனால் செய்து முடித்த பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா, ஐ.எஸ். 2553 தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் மேல்மாடி என்றால், கண்ணாடியின் தடிமனைக் காற்றின் வேகத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டட விதி சென்னைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கடைக்காரர் 'எல்லாருக்கும் 5 மி.மீ.தான் போடுகிறோம்' என்று சொன்னால் அது பதிலாகாது.

5. பால்கனித் தரை ஹாலைவிடக் குறைந்தது ஓரிரு அங்குலம் தாழ்ந்து, வெளி வடிகாலை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். டிராக் உட்காரும் இடம் மட்டும் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கும்படி சமமாக இருக்கட்டும். அங்கே சரிவு இருந்தால் கதவு தானாக ஒரு பக்கம் ஓடும். டிராக்கின் அடி முழுக்கத் தாங்கல் வேண்டும். இரண்டு ஓரத்தில் மட்டும் கட்டை வைத்து நடுவே வெற்றிடம் விட்டால், நாலு பேர் மிதித்ததும் தொய்ந்துவிடும். பிரேமை இறக்குவதற்கு முன் தரையில் இடைவிடாமல் இரண்டு வரி சிலிக்கான் போடச் சொல்லுங்கள்.

6. டிராக்குக்குள் மழைநீர் வராமலே தடுக்க முடியாது. வந்த நீரை வெளியேற்றத்தான் அதன் வெளிப்பக்கத்தில் சிறு துளைகள் வைக்கிறார்கள். 'ஓட்டை தெரிகிறதே' என்று அவற்றையும் சேர்த்துப் பூசிவிடும் ஆட்கள் உண்டு; விடாதீர்கள். டிராக்கின் உள்பக்க விளிம்புக்கும் ஒரு வேலை இருக்கிறது. புயல் காற்று நீரை உள்ளே தள்ளும்போது, அந்த விளிம்பின் உயரம்வரைதான் அது தாக்குப்பிடிக்கும். தரையோடு தரையாகப் பதிக்கும் டிராக் இப்போது நாகரிகமாகிவிட்டது. பார்க்க அழகு, சக்கர நாற்காலி உள்ள வீட்டுக்கு வசதி. மழை நேராக அடிக்கும் திறந்த பால்கனிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

7. திருகு முடுக்கும் இடங்களில் பிரேமுக்கும் சுவருக்கும் நடுவே பேக்கிங் துண்டு வைக்க வேண்டும். வெறும் இடைவெளியில் முடுக்கினால் பிரேம் சுவர்ப்பக்கம் வளைந்துவிடும். ஃபோம் அடிப்பதும் அளவோடுதான். அது உப்பி பிரேமை உள்ளே தள்ளும். கடலோரத்தில் திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

8. வினிகர் நெடி அடிக்கும் சிலிக்கான் இந்த வேலைக்கு ஆகாது. அது சிமென்ட்டில் சரியாக ஒட்டாது, மார்பிளையும் கெடுக்கும். வெளிப்புறத்துக்கான நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். ஈரச் சுவரில் பூச வேண்டாம்.

9. 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. மூன்றடிக்கு ஏழடிக் கதவில் கண்ணாடி மட்டுமே 29 கிலோ வரும், ஆகவே தூக்க இரண்டு பேர் வேண்டும். டஃபன்ட் கண்ணாடிக்கு ஓரம்தான் பலவீனம். வெறும் டைல்ஸ் மேல் நிறுத்தாமல் அட்டையோ மரக்கட்டையோ போட்டு நிறுத்துங்கள். கதவை முதலில் மேல் டிராக்கில் செருகி, தூக்கி, பிறகு கீழே இறக்க வேண்டும். ஓரத்திலுள்ள திருகைத் திருப்பினால் ரோலர் ஏறி இறங்கும். கதவின் விளிம்பும் பிரேமும் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் நிற்கும்வரை திருப்புங்கள்.

10. செருகின வழியிலேயே திருடனும் வெளியிலிருந்து கதவைத் தூக்கிக் கழற்றலாம். மேல் டிராக்கில் தூக்குத் தடுப்புக் கட்டை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அவர்கள் கண் மட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

11. பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன், சிலிக்கான் காய்ந்ததும், டிராக்கில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அது பால்கனிப் பக்கம் வடிய வேண்டும். தேங்கினாலோ ஹால் பக்கம் கசிந்தாலோ ஆளை அனுப்பாதீர்கள்.

12. டிராக்கில் தேங்காய் எண்ணெயோ கிரீஸோ விடாதீர்கள். மண்ணைப் பிடித்துப் பசையாக்கிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தூசியைக் கூட்டி எடுத்து, சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும். மழைக்காலத்துக்கு முன், புரட்டாசியிலேயே, வடிகால் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள்.