போட்டோ பெரிசு, வீடியோ ஏன் மங்கல்?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து எடிட்டிங் கடைகளில் முகூர்த்த மாதம் வந்தால் இந்தப் பேச்சு காதில் விழும்: "போட்டோவெல்லாம் ஒரிஜினல் சைஸிலேயே போடுங்கண்ணே, அப்பத்தான் டிவில கிளியரா இருக்கும்."

பாதிதான் சரி. 24 மெகாபிக்சல் படத்தில் 6000-க்கு 4000 புள்ளிகள். ஃபுல் எச்டி வீடியோவிலோ 1920-க்கு 1080 தான். குறுக்குவாட்டில் மூன்று புள்ளிக்கு மேல் ஒன்றாகச் சுருங்கியாக வேண்டும். தரம் கெடுவது இங்கேதான். மணப்பெண்ணின் காஞ்சிபுரம் பட்டில் மெல்லிய ஜரிகைக் கட்டம் போட்டிருக்கிறது, படம் திரையில் மெதுவாக நகர்கிறது. மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைச் சராசரி பார்க்காமல் ஒன்றை எடுத்து மற்றதைத் தாண்டினால், ஜரிகை இழை ஒரு ஃபிரேமில் சிக்கும், அடுத்ததில் நழுவும். புடவை முழுக்க மினுமினுவென்று துடிக்கும். பழி போட்டோகிராபர் மேல் விழும், பாவம். ஷார்ப்பன் போட்டால் துடிப்பு இன்னும் கூடும். படத்தை முன்கூட்டியே போட்டோஷாப்பில் 2880 புள்ளி அகலத்துக்குக் குறைத்துக்கொண்டால் ஒன்றரை மடங்கு ஜூமுக்கும் தாங்கும், கம்ப்யூட்டரும் திணறாது. 10 எம்பி ஜேபெக் ஆனாலும் நினைவகத்தில் விரியும்போது 96 எம்பி பிடிக்கும்.

"ஜூம் பண்ணினா உடையும்" என்பதும் எப்போதும் உண்மையல்ல. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' கொடுத்தால் படம் முதலிலேயே சட்டக அளவுக்குச் சுருக்கப்படும். பிறகு ஜூம் செய்தால் மங்காமல் என்ன செய்யும்? 'செட் டு ஃபிரேம் சைஸ்' கொடுங்கள், அசல் புள்ளிகள் அப்படியே இருக்கும்.

"300 டிபிஐ வேணும்" என்பது ஆல்பம் பிரஸ்ஸின் கணக்கு. 12-க்கு 36 இன்ச் தாளுக்கு அது தேவை. வீடியோ டைம்லைனுக்கு 72-ம் ஒன்றுதான், 300-ம் ஒன்றுதான். புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டுமே அது பார்க்கும்.

ஸ்கேனரில் மட்டும் கதை வேறு. மறைந்த அப்பாவின் படமென்று வீட்டில் ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் பிரிண்ட்தான் இருக்கும். 35 மில்லிமீட்டர் அகலமுள்ள அதை 300-ல் ஸ்கேன் செய்தால் சுமார் 413 புள்ளி. 1200-ல் சுமார் 1650. அதை வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் மறுபடி சுருங்கிவிடும். 1200-ல் ஸ்கேன் செய்து, 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.