மழை விட்டும் விமானம் ஏன் வரவில்லை?

சென்னையில் புயல் மழை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் திருவனந்தபுரத்திலிருந்து விமானங்கள் சரியாகப் போகவில்லை. நாளைய டிக்கெட்டை நானே ரத்து செய்துவிடட்டுமா?
– வாசகர், செங்கல், பாறசாலை

அவசரப்படாதீர்கள். நீங்களாக ரத்து செய்தால் கட்டணம் பிடிப்பார்கள். நிறுவனம் ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்டு வாங்கலாம். இயற்கைச் சீற்றத்துக்கு இழப்பீடு கிடையாதுதான், ஆனால் அதைச் சொல்லி டிக்கெட் பணத்தை மறுக்க முடியாது.

மழை ஓய்ந்தபின் ஏன் தாமதம் என்றால், காற்றைவிட ஓடுதளத்தில் நிற்கும் தண்ணீர்தான் விமான நிலையம் திறக்கும் நாளைத் தீர்மானிக்கிறது. மிக்ஜாம் புயலுக்காக 2023 டிசம்பர் 4 அன்று மூடிய சென்னை விமான நிலையம் மறுநாள் காலை 9 மணிக்கே திறந்தது. புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்ததே அன்று பிற்பகலில்தான். 2015 வெள்ளத்திலோ டிசம்பர் 6 வரை பயணிகள் விமானம் இல்லை. இடையில் அரக்கோணம் கடற்படைத் தளம்தான் கைகொடுத்தது. புயலே இல்லாத 2018 ஆகஸ்டில் நம் கொச்சி விமான நிலையம் வெள்ளத்தால் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. ‘ஓடுதளம் திறந்தாச்சே, மற்ற விமானங்கள் போகின்றனவே’ என்பீர்கள். சென்னையிலிருந்து வருகிற விமானம்தான் உங்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அது சென்னையில் இறங்க முடியாமல் பெங்களூருக்குத் திருப்பிவிடப்பட்டு, விமானிகளின் பணிநேரமும் முடிந்து அங்கேயே நின்றால், இங்கே வெயில் அடித்தும் பயனில்லை. அவசர வேலை இல்லையென்றால் பயணத்தை இரண்டு நாள் தள்ளிக் கேளுங்கள். வீட்டிலிருந்து கிளம்புமுன் செல்போனில் விமான நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.