தீவகத்துக்குக் கலை விழா கொண்டுசெல்லல்

காலியில் தொடங்கிய நாட்டார் இசை விழா 2011 மார்ச்சில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது. சிங்களக் கிராமியக் குழுக்களும் தமிழ்க் கூத்துக் குழுக்களும் ஒரே மேடையில் ஏறினால் பார்க்க யார் வருவார்கள் என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. சனம் வந்தது, 2013இல் விழா யாழ்ப்பாணத்துக்கு மறுபடியும் வந்தது. இத்தகைய விழாவை அங்கிருந்து தீவகத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கடலையும் காற்றையும்.

ஊர்காவற்றுறைக்குத் தரைவழியே லொறி போகும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகேற வேண்டும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம். சோழகம் வீசும் மாதங்களில் அந்த ஓட்டம் கடினம். மாரியில் மழையும் வாடையும். மாசி, பங்குனியே உகந்த காலம். ஆனியில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் படகுகள் நிரம்பி வழியும்; அந்த நாட்களில் மேடைச் சாமான் ஏற்ற இடம் கிடைக்காது. ஆர்மோனியத்தையும் மத்தளத்தையும் படங்குத் துணியால் இறுகச் சுற்றி, அலைத் தூவானம் படாத உட்பக்கத்தில் வைக்க வேண்டும். ஈரக்காற்றில் மத்தளத் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடும். ஆட்டத்துக்கு முன் வாரை இழுத்துச் சரிசெய்ய நேரம் ஒதுக்காத குழு முதற்பாட்டிலேயே தடுமாறும்.

இரவில் ஆட்டம் முடியும்போது திரும்பப் படகு இராது. கலைஞர்கள் தங்கப் பள்ளிக்கூடத்தையோ ஆலய மண்டபத்தையோ முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். மின்பிறப்பாக்கி ஒன்றும் கூடவே போகட்டும்.

நிகழ்ச்சியைச் சுருக்குவது பற்றி ஒரு சொல். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடுவதைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். பல்கலைக்கழக அரங்குக்கு அது சரியான முடிவு. கூத்துக்கு நகரத்தில் மதிப்பும் அதனால் பிறந்தது. தீவகத்துப் பார்வையாளர் வேறு. வட்டக்களரியைச் சுற்றிப் பாயில் இருந்து இரவு முழுதும் கூத்துப் பார்த்த முதியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். தாளம் பிசகினால் முதலில் அறிவது அவர்கள்தான். அவர்களுக்குத் துண்டுக் காட்சிகளைக் காட்டுவது மரியாதை ஆகாது. ஒரு கதையையாவது முழுதாக ஆட வேண்டும். தொடக்கத்தை உள்ளூர் அண்ணாவியாரிடமும் பிள்ளைகளிடமும் கொடுக்க வேண்டும். தம் பிள்ளை ஆடும் மேடைக்கு ஊர் தானாக வரும்.

கடலுக்குப் போகும் குடும்பங்கள் எந்த இரவில் கரையில் நிற்கும் என்பது கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தெரியும். கோயில் திருவிழாவும் பெருநாளும் எந்நாளில் என்பதை ஆலயத்தாரும் பங்குத்தந்தையும் சொல்வார்கள். விழா எடுக்க விரும்புவோர் துண்டுப்பிரசுரம் அடிக்குமுன் ஒருமுறை படகேறிப்போய், சனசமூக நிலையத்தில் இவர்களோடு இருந்து பேசித் திகதி குறியுங்கள்.