பணம் போகும் வழி

கேள்வி: நாடு வளர்கிறது, கோடி கோடியாகச் செலவு செய்கிறோம் என்கிறார்களே, கஷ்டப்படுகிறவனுக்கு ஏதாவது போய்ச் சேருகிறதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: சேருகிறது, போகிற வழியைப் பொறுத்து. ஒரு ரூபாயில் 15 பைசாதான் ஏழைக்குப் போகிறது என்று 1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தியே சொன்னார். அதைக் காட்டி எல்லாச் செலவும் வீண் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். பிள்ளையின் தட்டில் விழுந்த சோற்றில் எந்தத் தரகரும் கமிஷன் எடுக்க முடியாது. அதன் பலமே அதுதான். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, இப்போது பள்ளி நாள்தோறும் வருகிறது. (முட்டையின் சைஸைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், கொட்டித் தீர்க்கிறேன்.)

வளர்ச்சி விகிதம் வேறு கதை. முதலாளியின் லாபமும் மூட்டை தூக்குபவரின் கூலியும் அதில் ஒரே கணக்கு. யாருக்கு ஏறியது என்று அது வாய் திறக்காது.

சேர வேண்டியது வாசலில் நிற்பதும் உண்டு. போன மாதம் ரேஷன் கடையில் ஒரு பாட்டி. பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்த விரல். சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தார். நாலாவது தடவையும் ரேகை மெஷின் ஏற்கவில்லை. "நாளைக்குப் பேரனைக் கூட்டிட்டு வாங்க ஆயா" என்றார் கடைக்காரர். எடை போட்ட அரிசி தராசிலேயே இருந்தது.